கரவன் வண்டியின் மூன்று துளைகள்

பற்றறி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த தேநீர் விருந்தில், "நாலு வார்த்தை கதையுங்கோ நானா" என்று இந்த மூத்த அண்ணனைக் கேட்டீர்கள். வாயில் வடை இருந்தது. எழுந்து நின்று சலாம் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

கையுறை போடு, கண்ணாடி போடு, அசிட்டைத் தண்ணீருக்குள் ஊற்று, தண்ணீரை அசிட்டுக்குள் ஊற்றாதே என்றெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லி அலுப்புத் தரமாட்டேன். நான் சொல்லப் போவது, அந்த விதிகள் எல்லாம் தெரிந்த ஒருவன், வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்த ஒருவன், செய்த பிழையைப் பற்றி. அந்த ஒருவன் நான்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கிற வயது எனக்கு இல்லை.

முதலில் ஒரு சின்னக் கதை. அது தெரியாவிட்டால் பெரிய கதையின் பயம் உங்களுக்கு விளங்காது.

நான் திருகோணமலைப் பட்டறையில் சேர்ந்த முதல் வருஷம். அங்கே ஒரு மெக்கானிக் இருந்தார். லொறி எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிற ஆள். ஒருநாள் காலை, இரவு முழுக்கச் சார்ஜில் கிடந்த பற்றறிக்குத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறந்தார். மழைநாள், அறை இருட்டாக இருந்தது. சட்டைப்பையில் நெருப்புப்பெட்டி இருந்தது. குச்சியைத் தட்டி, விளக்குப் பிடிப்பதுபோல் மூடிக்கு மேலே பிடித்தார்.

பெரிய சத்தம்கூட இல்லை. தேங்காய் விழுந்தது போல ஒரு சத்தம். பற்றறியின் மேல்பாகத்தைக் காணவில்லை. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். நாங்கள் இரண்டு பேர் அவரை இழுத்துக்கொண்டுபோய், வாசலில் இருந்த தண்ணீர்ப் பீப்பாவுக்குள் தலையை அமிழ்த்தினோம். தூக்கினோம், அமிழ்த்தினோம், ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை விடவில்லை. கண் தப்பியது. சட்டை மாலைக்குள் மீன்வலையாகிவிட்டது. அன்றைக்கு என் மனதில் ஒன்று பதிந்தது: சார்ஜ் ஏறும் பற்றறி ஒரு காற்றை வெளியே விடுகிறது. அந்தக் காற்றுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, பொறி ஒன்று கிடைத்தால் போதும்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். இனிப் பெரிய கதை.

வெள்ளைக்காரர்கள் துறைமுகத்தை விட்டுப் போனபோது எத்தனையோ சாமான்களை விட்டுவிட்டுப் போனார்கள். அதில் ஒன்று ஜீப்புக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற கரவன் வண்டி. யாரோ ஒரு அதிகாரி குடும்பத்தோடு கடற்கரையில் தங்குவதற்காகக் கொண்டுவந்தது. உள்ளே மடிக்கிற மேசை, சின்னக் குசினி, படுக்கிற பலகை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் இருந்தன. பல வருஷம் கொட்டகையில் கோழி அடைகாக்கக் கிடந்த பிறகு அதை எங்கள் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத ஊர்களுக்கு டொக்டரைக் கொண்டுபோகிற வண்டியாக மாற்றச் சொன்னார்கள். அறுபதுகளின் நடுப்பகுதி அது.

மற்ற எல்லாவற்றையும் தச்சரும் பெயின்ற்காரரும் செய்தார்கள். வெளிச்சம் என் பொறுப்பு. படுக்கிற பலகைக்குக் கீழே ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் இரண்டு பற்றறி. ஜீப்பின் பற்றறி வேறு, இது வேறு. ஜீப் ஓடும்போது ஒரு வயர் வழியாக இவற்றுக்குச் சார்ஜ் ஏறும். நிறுத்திய இடத்தில் இவை லைற்றுகளையும் தண்ணீர்ப் பம்பையும் ஓட்டும். ஜீப்பின் பற்றறி இறங்கிவிடாது, டொக்டரும் நோயாளியும் காட்டுக்குள் மாட்டிக்கொள்ளமாட்டார்கள்.

அந்தப் பெட்டியை வெளியோடு சேர்க்கிற மூன்று துளைகள் இருந்தன. இரண்டு கீழே தரையில், ஒன்று வெளிப்புறச் சுவரில் உயரமாக. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் குற்றியளவு. வாயில் பித்தளை வலை. கீழால் காற்று வந்து மேலால் போகும்படி யாரோ ஒருவர் யோசித்துச் செய்திருந்தார். அவர் ஏன் செய்தார் என்று எனக்கும் தெரியும்.

இப்போது என் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என் வாப்பா கிண்ணியாவில் தோணி கட்டும் ஓடாவி. பலகையும் பலகையும் சேருகிற இடுக்கில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் உருக்கிய குங்கிலியத்தைப் பூசி அடைப்பதைக் கலப்பத்து என்போம். அதில் வாப்பாவை மிஞ்ச ஆள் இல்லை. நானும் பத்து வயதிலிருந்து அந்த வேலையில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் துளை என்றால் அடைக்க வேண்டியது. அதில் விவாதமே கிடையாது. துளையைக் கண்டுவிட்டு அப்பால் போகிறவனை வாப்பா மனிசனாகவே எண்ணமாட்டார்.

கலியாணம் முடித்துக் குறிஞ்சாக்கேணியில் மாமி வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். மாமிக்கு என் மேல் பட்சம்தான். ஆனால் என் தொழிலில் கொஞ்சம் மனத்தாங்கல். அசிட் தெறித்துத் தெறித்து நான் இடுப்பில் உடுக்கிற சாரம் எல்லாம் பொத்தல். வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்ததும் மாமி சாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பா.

"ஓடாவிட மகனுக்குப் பொண் குடுத்தனான். எலிக்குத்தான் குடுத்திருக்கிறன் போல" என்று சொல்லிக்கொண்டே ஊசி நூலை எடுப்பா. ஒரு பொத்தலையும் மிச்சம் விடமாட்டா. அந்த விஷயத்தில் வாப்பாவும் மாமியும் ஒரே சாதி.

கரவன் ஊர் ஊராகப் போகத் தொடங்கியது. கிண்ணியாத் துறையில் பாலம் இல்லை. வாகனங்களை ஏற்றி மறுகரைக்குக் கடத்துகிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். காற்றுக் காலத்தில் பாதையில் ஏறினால் உப்புத் தண்ணீர் முழங்கால் வரை அடிக்கும். ஒருநாள் கரையேறிய பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். பற்றறியின் தலையில் கடல் தண்ணீர் நின்றது. முனைகளில் பச்சை பூத்திருந்தது. உப்புத் தண்ணீர் பற்றறிக்குள் இறங்கினால் தகடும் போய்விடும், மூக்கைப் பிடிக்கிற நஞ்சுக் காற்றும் கிளம்பும். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. என் பற்றறிக்குள் கடல் வருவதா.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், பஞ்சும் குங்கிலியமும் எடுத்து மூன்று துளைகளையும் கலப்பத்துப் பண்ணினேன். வலையைக் கழற்றி, பஞ்சை முறுக்கி, மரச்சுத்தியலால் படிப்படியாக இறக்கி, மேலே குங்கிலியம் பூசி, விரலால் மெழுகினேன். வாப்பா பார்த்திருந்தால் தலையை ஆட்டியிருப்பார். அவருடைய அகராதியில் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது.

நான் ஏன் யோசிக்கவில்லை என்று கேட்பீர்கள். இத்தனை வருஷமாக நானும் கேட்கிறேன். காற்றைப் பற்றித் தெரியாமல் இல்லை. மெக்கானிக்கின் சட்டை மறந்துபோகவும் இல்லை. ஆனால் அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது தண்ணீர் மட்டும்தான். ஒரு பகையைத் துரத்திக்கொண்டு ஓடும்போது மற்றப் பகையை வீட்டுக்குள் விட்டுப் பூட்டியதைக் கவனிக்கவில்லை. அதிலும், வேலை கைக்கு நன்றாக வந்துகொண்டிருந்தது. கைக்கு வேலை நன்றாக வரும்போது தலை ஓய்வெடுக்கப் போய்விடும் தம்பிமாரே. எனக்கு அது நடந்தது.

துளைகளை அடைத்த பிறகு வந்த முதல் பயணம் குறிஞ்சாக்கேணிக்குத்தான்.

சனிக்கிழமை. பாதையில் நல்ல அலை. கரையேறியதும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஜீப் ட்ரைவர் சிவலிங்கம் எட்டிப் பார்த்து, "உங்கட கைக்கு மோதிரம் போடவேணும் நானா" என்றான். உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன்.

பள்ளிக்கூட வளவில் கரவனை நிறுத்தினோம். முந்தின இரண்டு நாளும் பட்டறையில் லைற்றுகளை எரியவிட்டுச் சோதித்ததால் பற்றறி பாதிதான் இருந்தது. ஜீப் எஞ்சினை ஓடவிட்டுச் சார்ஜ் ஏறட்டும் என்று விட்டேன். சார்ஜை அளந்து விடுகிற ரெகுலேற்றரையும் நான்தான் போன மாதம் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தேன். என் பற்றறி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது என் பெருமை.

பெண்கள் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆள் என் மாமி.

மாமிக்கு முதுகில் ஒரு கட்டி. இரண்டு கிழமையாகப் பச்சிலைப் பத்துப் போட்டும் பழுத்துப் பெருத்துக்கொண்டே போனது. காய்ச்சலும் தொடங்கிவிட்டது. பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால், ஆம்பிளை டொக்டருக்கு முதுகைக் காட்டமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றா. கடைசியில் கரவனுக்குச் சம்மதித்தா. அதற்கு மூன்று நிபந்தனை. டொக்டரோடு வருகிற தாதி, மிஸ்ஸி, பக்கத்தில் நிற்கவேண்டும். ஜன்னல் எல்லாம் பூட்டித் திரை போட்டிருக்கவேண்டும். வாசலில் நான் நின்று ஒரு கண்ணும் உள்ளே போகாமல் காவல் காக்கவேண்டும்.

"நான் நிக்கிறன் மாமி. ஒரு கண்ணும் வராது" என்று வாக்குக் கொடுத்தேன்.

அவவும் வரிசையில் இருந்த பெண்களுக்கெல்லாம், "எங்கட மருமகன்ட லைட்டிலதான் எனக்கு வெட்டப் போறாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படி ஏறினா. சாரத்துப் பொத்தலுக்கு அன்றுதான் மன்னிப்புக் கிடைத்தது என்று நினைத்தேன்.

உள்ளே பலகையில் மாமி குப்புறப் படுத்தா. டொக்டரும் மிஸ்ஸியும் உள்ளே. நான் வாசல் படியில், திரைச்சீலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். டொக்டர் மரக்க ஊசி போட்டுக் கட்டியைக் கீறினார். மாமி ஓதிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. சத்தம் போடவில்லை. நல்ல மனத்தைரியம் உள்ள மனிசி.

திடீரென்று ஓதுவதை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டா.

"மருமகன்."

"என்ன மாமி?"

"இந்தப் பலகைக்குக் கீழ என்னவோ கொதிக்குது."

டொக்டர் சிரித்தார். "அது உங்கட காய்ச்சல் அம்மா. கொஞ்சம் அசையாமக் கிடவுங்கோ."

"காய்ச்சல் இல்ல. காதப் பலகையில வச்சுத்தானே கிடக்கிறன். உலையில சோறு கொதிக்கிற சத்தம்."

மிஸ்ஸி சொன்னா, "எனக்கும் தொண்டை கரகரக்குது டொக்டர்."

அந்த நேரம்தான் எனக்கும் மூக்கில் பட்டது. திரைச்சீலை இடுக்கால் வந்த புளிச்ச அசிட் நெடி. காலையிலிருந்து ஓடுகிற எஞ்சின், கூட்டி வைத்த ரெகுலேற்றர், நிறைந்து வழிந்து கொதிக்கிற இரண்டு பற்றறி, வெளியே போக வழியில்லாமல் பலகை இடுக்கால் மேலே ஏறுகிற காற்று, பூட்டிய ஜன்னல்கள். எல்லாம் ஒரே கணத்தில் விளங்கின.

அதற்குப் பிறகு கேட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நெருப்புப்பெட்டிக்குள் குச்சிகள் குலுங்குகிற சத்தம். இடுக்கியை நெருப்பில் காட்டுவதற்காக மிஸ்ஸி ஸ்பிரிற் விளக்கைப் பற்றவைக்கப் போகிறா.

தம்பிமாரே, இந்த இடத்தில் நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு கணம் வரலாம். எனக்கு வாய் திறந்து கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? டொக்டர் பதறி, முதல் வேலையாக லைற் சுவிச்சை அணைத்திருப்பார். சுவிச்சை அணைக்கும்போதும் பொறி பறக்கும். அல்லது மிஸ்ஸியின் கை நடுங்கிக் குச்சி உரசியிருக்கும். நானே உள்ளே பாய்ந்து பற்றறி வயரைப் பிடுங்கியிருந்தால் அதைவிடப் பெரிய பொறி. ஆபத்து என்றதும் கை தானாகச் செய்யப் போகிற வேலை எதுவோ, அங்கே அதுதான் ஆளைக் கொல்லும்.

அதனால் தேத்தண்ணி கேட்கிறவன் மாதிரிச் சொன்னேன்.

"மிஸ்ஸி, அந்த நெருப்புப்பெட்டிய மூடி என்ட கையில தாங்க."

திரைச்சீலை விலகியது. ஒரு கை வெளியே வந்தது. அதில் நெருப்புப்பெட்டி, அதற்கு மேல் எடுத்த ஒரு குச்சி. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. முதலில் தந்தா, பிறகுதான் கேட்டா. நாற்பது வருஷத் தொழிலில் எத்தனையோ பெரியவர்களிடம் வேலை பழகினேன். அந்த ஒரு கையிடம் பழகியது எல்லாவற்றுக்கும் மேல். அவவின் பெயரை இங்கே எழுதவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கிறா.

"இனிச் சொல்லுங்கோ நானா, என்ன?"

"டொக்டர், லைற் சுவிச்சத் தொடாதீங்க. எரியிறது எரியட்டும். பற்றறிப் பெட்டியில காஸ் நிறைஞ்சு உள்ளுக்கும் வந்திட்டுது. பொறி பட்டா வெடிக்கும்."

சொல்லிக்கொண்டே சிவலிங்கத்துக்குக் கையைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். அவன் ஜீப் எஞ்சினை நிறுத்தினான். ஜீப் வெளியே எட்டுப் பத்து அடி தள்ளி நின்றது. சார்ஜை அங்கே நிறுத்தினால் கரவனுக்குள் பொறி வராது. வளவுக்குள் சுருட்டோடு நின்ற ஆம்பிளைகளையும் கிணற்றடிக்குப் போகச் சொல்லி அனுப்பினான்.

"எனக்கு இன்னும் பத்து நிமிசம் வேணும்" என்றார் டொக்டர். குரலில் சிரிப்பு இல்லை. "கீறினதை இப்படியே விட ஏலாது."

"பஞ்ச வச்சு அழுத்திக்கொண்டு வெளிய கூட்டி வாங்க டொக்டர். பள்ளிக்கூட அறையில மேசை இருக்கு, ஜன்னல் வெளிச்சமும் இருக்கு."

அப்போது மாமி வாய் திறந்தா.

"நான் வரமாட்டன்."

"மாமி..."

"இந்தக் கோலத்தில நான் வெளிய வரமாட்டன். ஊர் ஆம்பிளையள் எல்லாம் நிக்கிறாங்க. ஒரு கண்ணும் வராதெண்டு வாக்குத் தந்தனீங்க. டொக்டர், நீங்க வெட்டுங்க. என்ன வந்தாலும் அல்லா விட்ட வழி."

கதவையும் ஜன்னலையும் திறந்துவிடலாம்; திறந்தால் மாமி வெட்டவெளியில் கிடக்கிற மாதிரி. திறக்காவிட்டால் அந்தக் காற்று அங்கேயே நிற்கும். டொக்டர் மாமியை விட்டு வரமாட்டார். டொக்டரை விட்டு மிஸ்ஸி வரமாட்டா. மூன்று பேரும் அந்தப் பலகையை விட்டு அசையவில்லை, பலகைக்குக் கீழே என் கைவேலை கொதித்தது.

எனக்கு ஒரு வழி இருந்தது. ஜீப்பில் ஏதோ கோளாறு, கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று சொல்லலாம். ஆனால் மாமி அதற்கு அசைந்திருக்கமாட்டா. அவ ஓடாவி வீட்டுச் சம்பந்தக்காரி, சும்மா சாட்டுக்கு மசிகிற ஆள் இல்லை. உண்மையைத் தவிர வேறொன்றும் அவவை எழுப்பாது என்று பட்டது. வரிசையில் முழு ஊரும் உட்கார்ந்திருந்தது. சொன்னேன்.

"மாமி, பிழை என்ட. காத்துப் போறதுக்கு மூண்டு ஓட்டை இருந்தது. மூண்டையும் நான்தான் அடைச்சனான். வாப்பா தோணிக்கு அடைக்கிற மாதிரி அடைச்சனான். அதால போக ஏலாமத்தான் அந்தக் காத்து உங்களுக்குக் கீழ நிண்டு கொதிக்குது. நீங்க எழும்பாட்டி டொக்டரும் மிஸ்ஸியும் எழும்ப மாட்டாங்க. எனக்காக எழும்புங்க."

காது எரிந்தது. ஓடாவி மகன், பற்றறி நானா, அந்தக் கெட்டிக்காரன், இவ்வளவுதான் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

வரிசையில் இரண்டாவதாக இருந்த ஒரு ராத்தா எழும்பினா. மாமிக்குச் சேர்க்கையான மனிசி, காரியக்காரி. தான் உட்கார்ந்திருந்த பன்பாயை உதறி, நிமிர்த்திப் பிடித்தா.

"பாயத் தூக்குங்கடி. ரெண்டு பக்கமும் பிடியுங்க."

அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் கரவன் படியிலிருந்து பள்ளிக்கூட வாசல்வரை இரண்டு பக்கமும் பாயால் ஒரு சுவர் எழும்பியது. ஆளுக்கு ஒரு பாய், தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி பெண்கள் தோளோடு தோள் நின்றார்கள். நான் ஜீப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

படி கிறீச்சிட்டது. மாமி நடந்து போனா, டொக்டர் முதுகில் பஞ்சை அழுத்திக்கொண்டு பின்னால், மிஸ்ஸி ஒரு கையால் தாங்கிக்கொண்டு பக்கத்தில். என்னைத் தாண்டும்போது மாமி நடையை நிறுத்தாமல் சொன்னா.

"உங்கட வாப்பா அடைச்சா தோணி கரைக்கு வரும். நீங்க அடைச்சா நான் மௌத்தாப் போயிருப்பன்."

பாய்க்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. இரண்டையும் மறைக்க வழியில்லை.

பள்ளிக்கூட மேசையில், ஜன்னல் வெளிச்சத்தில், டொக்டர் மிச்ச வேலையை முடித்தார். நான் கரவன் கதவையும் ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டு, வெளியால் கீழே படுத்துத் துளைகளைத் திறக்கப் போனேன். இரும்பு உளி எடுக்கவில்லை, இரும்பு இரும்பில் பட்டாலும் பொறிதான். மர ஆப்பும் மரச்சுத்தியலும் கொண்டு தட்டினேன். அசையவில்லை. தட்டினேன், கிண்டினேன், வியர்த்து ஒழுகினேன். அவ்வளவு நேர்த்தியாக அடைத்திருந்தேன். என் வேலையோடு நானே மல்லுக்கட்டிய ஒரே நாள் அதுதான். மேல்துளையில் இருந்தது கடைசியில் முழுதாகக் கழன்று கையில் விழுந்தது.

ஒரு மணித்தியாலம் காற்றாட விட்டோம். அதற்குப் பிறகுதான் பலகையைத் தூக்கினேன். பற்றறி இரண்டும் தொட முடியாத சூடு.

பின்னேரம் டொக்டர் கேட்டார். "உண்மையிலேயே வெடிச்சிருக்குமா நானா?"

"தெரியாது டொக்டர்."

"தெரியாமலா இவ்வளவு ஆரவாரம்?"

மிஸ்ஸி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னா, "நான் குச்சியைக் கையில எடுத்திட்டன் டொக்டர். தெரியாம இருக்கிறதுதான் எனக்கு நல்லம்."

இதை மனதில் வையுங்கள். நம்முடைய தொழிலில் சரியாகச் செய்த நாட்களில் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததால் உங்களைச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

திரும்பி வரும்போது, பாதையில் நிற்கையில், சிவலிங்கம் மெதுவாகக் கதையை எடுத்தான்.

"ரெகுலேற்றர் பழுதெண்டு எழுதுவம் நானா. ஜீப் பழசு. ஆரும் கேக்க மாட்டாங்க."

நல்ல மனம் உள்ளவன். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். மறுகரை வரும்வரை யோசித்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லியாகிவிட்டது. பாய் பிடித்த பெண்களுக்குத் தெரிந்தது பட்டறைக்குத் தெரியக்கூடாதா? 'காற்றுத் துளைகள் மூன்றையும் நானே அடைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. சில மாதம் கழித்து, வேறு ஒரு மாவட்டத்தில் இதே வேலை பார்க்கிற ஒருவரிடமிருந்தும் கடிதம் வந்தது. தூசு வருகிறதென்று அவரும் தகரம் வைத்து அடைத்திருந்தாராம். என் அறிக்கையைப் படித்த அன்றே கழற்றிவிட்டாராம். முதல் கடிதத்தை எங்கோ வைத்துவிட்டேன். இரண்டாவது அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

துளைகளுக்கு வெளியே வளைந்த தகரக் கூரை வைத்துப் பிறகு சரிசெய்தோம், தாழ்வாரம் மழையை மறித்துக் காற்றை விடுவது மாதிரி. தண்ணீரும் வரவில்லை, காற்றும் நிற்கவில்லை. அரை நாள் வேலை. முதலிலேயே அரை நாள் யோசித்திருக்கலாம்.

மாமியின் முதுகு இரண்டு கிழமையில் ஆறியது. அடுத்த மாதம் கரவன் வந்தபோது, மருந்து எடுக்க ஒன்றும் இல்லாமலே வந்து வரிசையில் நின்றா. முறை வந்ததும் படியில் ஏறாமல், சுற்றி அந்தப் பக்கம் போய், தகரக் கூரைக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்தா.

"மருமகன், பெட்டிக்கு மூச்சு வருதா?"

"வருது மாமி."

"எண்டா சரி" என்று வீட்டுக்குப் போய்விட்டா.

அதற்குப் பிறகு சிவலிங்கமும் மிஸ்ஸியும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் என்னைப் பகிடி பண்ண. போகப்போக அது வழக்கமாகிவிட்டது. எந்த ஊரில் நிறுத்தினாலும், யாராவது ஒருவர் பெட்டிக்கு மூச்சு வருகிறதா என்று கேட்டு, ஒருவர் கையை வைத்துப் பார்த்துப் பதில் சொல்லும்வரை முதல் நோயாளி படியில் ஏறமாட்டார். அந்தக் கரவன் ஓடிய கடைசி நாள்வரை அப்படித்தான். நீங்களும் இப்போது பட்டறையில் சார்ஜ் போடுமுன் அதைக் கேட்கிறீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே கேட்கிறீர்கள். குறிஞ்சாக்கேணியில் இருந்து, என் மாமியின் வாயிலிருந்து வந்தது.

பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை இன்னொன்றும் நடந்தது. மாமி வழக்கம்போல என் சாரத்தைத் தைத்து மடித்துத் தந்தா. விரித்துப் பார்த்தால் ஒரு பொத்தல் தைக்காமல் கிடந்தது.

"இது மறந்திட்டீங்க மாமி."

"மறக்கல்ல. அது காத்துப் போறதுக்கு."

இந்தக் கடிதத்தோடு ஒரு சிறிய தகர டப்பா அனுப்பியிருக்கிறேன். அதற்குள் கறுத்த, கட்டியான ஒன்று இருக்கும். மேல்துளையிலிருந்து முழுதாகக் கழன்று விழுந்ததென்று சொன்னேனே, அது. ஆளுக்கு ஆள் கையில் எடுத்துப் பாருங்கள். பஞ்சின் முறுக்கைப் பாருங்கள், ஓரத்து மெழுகலைப் பாருங்கள். தண்ணீரில் போட்டும் பாருங்கள், ஒரு சொட்டு உள்ளே இறங்காது. இத்தனை வருஷத்தில் என் கையால் இதைவிட நல்ல வேலை ஒன்று நான் செய்ததில்லை.